அட்டை போட்ட வேதாகமம்

சில வருடங்களுக்கு முன், ஓர் இரவு ரயிலில் நான் ஒரு பொய் சொன்னேன்.

எதிரே உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். என் மடியில் விரிந்திருந்த புத்தகத்தைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "என்ன புத்தகம்மா அது, இவ்வளவு பொடி எழுத்துல?" என்று கேட்டார். அது வேதாகமம். யோவான் சுவிசேஷத்தில் பாதியில் இருந்தேன். பழுப்புத் தாளில் அட்டை போட்டிருந்ததால் வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது. "சும்மா, ஒரு பழைய கதைப் புத்தகம்தாம்மா" என்று சொல்லி மூடிவிட்டேன்.

"கதைன்னா எனக்கும் பிடிக்கும்" என்றார். நான் பதில் பேசாமல் இருக்கவே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நடு இரவில் எனக்கு விழிப்பு வந்தபோது அவர் படுக்கவே இல்லை. அதே ஜன்னலைப் பார்த்தபடி அழுதுகொண்டிருந்தார். சத்தமில்லாத அழுகை, தோள் மட்டும் அசைந்தது. எழுந்து உட்கார்ந்து "என்னம்மா ஆச்சு?" என்று கேட்க எனக்கு எந்தத் தடையும் இல்லை. கேட்கவில்லை. கேட்டால் பேச்சு நீளும், நீண்டால் அந்தப் புத்தகத்துக்குத் திரும்பி வரும், அப்போது என் பொய் வெளியாகும் என்று நினைத்தேன். கண்ணை மூடிக்கொண்டேன். விடிவதற்கு முன்பே அவர் இறங்கிப் போய்விட்டார்.

யோவான் சுவிசேஷத்தை வாசித்துக்கொண்டே அதை மறைத்தேன். அந்தப் புத்தகத்தில் அழுகிறவர்களிடம் போய் நின்றவரைப் பற்றித்தான் எழுதியிருக்கிறது. அந்த இரவு என்னை வெகுகாலம் விடவில்லை.

அதற்குப் பிறகு, இயேசுவைத் தெரியாது என்று அவருடைய சீடர் பேதுரு மறுதலித்த பகுதியைச் சபையில் வாசிக்கும்போதெல்லாம் நான் தலை குனிந்துகொள்வேன். லூக்கா 22-ஆம் அதிகாரத்தில் பேதுருவை முதலில் கேட்டவள் ஒரு வேலைக்காரப் பெண். நெருப்பு வெளிச்சத்தில் அவரை உற்றுப் பார்த்து, இவனும் அவரோடு இருந்தவன்தான் என்கிறாள். அவ்வளவுதான் அவள் சொன்னது. ஆனால் பேதுருவுக்காவது உண்மையான ஆபத்து இருந்தது. அவருடைய போதகரைக் கட்டிக் கொண்டுவந்து அதே வீட்டுக்குள் விசாரித்துக்கொண்டிருந்தார்கள். என்னிடம் கேட்ட அம்மாவால் எனக்கு என்ன தீங்கு வந்திருக்கும்? உலகில் விசுவாசத்தைச் சொன்னதற்காகச் சிறைக்குப் போகிறவர்களும் உயிரை விடுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய பயத்தையும் என் பயத்தையும் ஒரே சொல்லால் அழைக்கவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

அப்படியானால் எனக்கு எதன்மேல் பயம்? உட்கார்ந்து யோசித்தேன். முதலில் தோன்றியது, கேள்வி கேட்டால் பதில் தெரியாதே என்பது. அது உண்மைதான், ஆனால் முழு உண்மை இல்லை. வேலையிலும் தினமும் எனக்குப் பதில் தெரியாத கேள்விகள் வருகின்றன. விசாரித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போகிறேன், நடுக்கம் எதுவும் இல்லை. அதற்குக் கீழே இன்னொன்று இருந்தது. "ஓ, இவங்க அந்த மாதிரி ஆளா" என்று எதிரில் இருப்பவர் மனதுக்குள் சொல்லிக்கொள்வாரே, அதற்குப் பயந்தேன். மதம் மாற்ற வந்தவள், படிக்காதவள், மூளை மழுங்கியவள் என்று ஒரு அந்நியர் மனதில் என்னைப் பற்றி ஒரு படம் விழுந்துவிடும். அதைத் திருத்த எனக்கு வாய்ப்பே கிடைக்காது. இனி வாழ்நாளில் பார்க்கப் போகாத ஒருவருடைய மனதில் என் பெயர் கெடாமல் இருக்க வேண்டும் என்பதற்காக என் ஆண்டவரின் பெயரை மறைத்திருக்கிறேன். இதைக் கண்டுபிடித்த நாள் எனக்கு நல்ல நாளாக இல்லை.

எனக்குப் பேசிய அனுபவமே இல்லை என்றும் சொல்ல முடியாது. வாலிபர் கூட்டத்தில் இருந்த நாட்களில் மாதம் ஒரு சனிக்கிழமை, சுவிசேஷம் அச்சிட்ட கைப்பிரதி கொடுக்கப் போவோம். நான்தான் அதிகம் கொடுப்பேன். ஒரு கட்டு முடிந்து இரண்டாவது கட்டுக்கும் கை நீட்டுவேன். அதைத் தைரியம் என்றே எல்லோரும் நினைத்தார்கள், நானும் நினைத்தேன். ஒரு நாள், கைப்பிரதி வாங்கிய பெண் நான்கு எட்டு போய்த் திரும்பி வந்து அதை என் கையிலேயே வைத்தார். கோபமே இல்லாத குரலில், "நீங்க என் முகத்தைக்கூடப் பாக்கலையேம்மா" என்றார்.

உண்மை. நான் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். முகத்தைப் பார்த்தால் அவர்கள் ஏதாவது பேசிவிடுவார்களே. யாரிடமும் பேசாமல் இருப்பதற்கான வழியாகத்தான் நான் கைப்பிரதியைப் பயன்படுத்தியிருக்கிறேன். கைப்பிரதி ஊழியத்தைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஒற்றைத் தாளைப் படித்து வாழ்க்கை திரும்பியவர்கள் எங்கள் சபையிலேயே இருக்கிறார்கள். என் கதை வேறு. ரயிலில் புத்தகத்தை மூடியவளும் தெருவில் கட்டுக்கட்டாகக் கொடுத்தவளும் ஒரே ஆள்தான் என்று எனக்குப் புரிய நாளானது.

ரயில் சம்பவத்துக்குப் பிறகு, ஆதிச் சபையின் கதையைச் சொல்லும் அப்போஸ்தலர் நடபடிகளை மெதுவாக, இந்த ஒரு விஷயத்தை மட்டும் தேடி, மறுபடி வாசித்தேன். வீரர்களின் கதை என்றுதான் அதை நினைத்து வளர்ந்திருந்தேன். இந்த முறை வேறு ஏதோ கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது.

நான்காம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பேதுருவும் யோவானும் யூதத் தலைவர்களின் ஆலோசனைச் சங்கத்துக்கு முன் நிற்கிறார்கள். படிப்பறியாத இந்த மனிதர்கள் இப்படிப் பேசுகிறார்களே என்று அங்கே இருந்தவர்கள் ஆச்சரியப்படுகிறார்கள். அந்த இடத்தில் நம் வேதாகமத்தில் 'தைரியம்' என்று இருக்கும் சொல்லுக்குக் கிரேக்கத்தில் 'பர்ரேசியா' என்று இருக்கிறது. 'எல்லாம்', 'பேச்சு' என்ற இரண்டு சொற்கள் சேர்ந்து உண்டான சொல். ஏதென்ஸ் நகரத்துக் குடிமகனுக்குச் சபை நடுவே மனதில் பட்டதை ஒளிக்காமல் பேச இருந்த உரிமையை அப்படித்தான் அழைத்தார்கள். அடிமைக்கு அந்த உரிமை கிடையாது. கலிலேயாவில் மீன் பிடித்தவர்களைப் பற்றி, இந்தப் புத்தகத்தை எழுதிய லூக்கா அந்தச் சொல்லைப் போடுகிறார்! உரத்த குரல், அடித்துப் பேசுவது, விவாதத்தில் ஜெயிப்பது என்று நான் 'தைரியத்துக்கு' வைத்திருந்த அர்த்தங்களில் எதுவும் அதில் இல்லை. மனதில் இருப்பதை மறைக்காமல் இருப்பது, அட்டை போடாமல் இருப்பது, அவ்வளவே.

சரி, அடுத்து என்ன நடக்கிறது என்று பாருங்கள். மிரட்டி விடுவிக்கப்பட்ட இருவரும் தங்களைச் சேர்ந்தவர்களிடம் வந்து நடந்ததைச் சொல்கிறார்கள். எல்லோரும் ஒருமனப்பட்டு ஜெபிக்கிறார்கள். என்ன கேட்கிறார்கள்? மிரட்டுகிறவர்களை அழித்துவிடும் என்று கேட்கவில்லை. உம்முடைய வசனத்தை முழு தைரியத்தோடு சொல்ல எங்களுக்கு அருள்செய்யும் என்று கேட்கிறார்கள். கொஞ்ச நேரத்துக்கு முன்புதான் அதே தைரியத்தைப் பார்த்து ஒரு சங்கமே வாயடைத்துப் போயிருந்தது. அதற்குள் மறுபடி ஏன் கேட்க வேண்டும்?

இந்தக் கேள்வியோடு பல நாள் இருந்தேன். அப்புறம் அப்போஸ்தலர் பவுலின் நிருபங்களுக்குப் போனேன். எபேசியருக்கு எழுதிய நிருபத்தின் கடைசி அதிகாரத்தில், சங்கிலியில் கட்டப்பட்டிருக்கும் அந்த மனிதர், நான் தைரியமாய் வாய் திறந்து பேசும்படி எனக்காக ஜெபியுங்கள் என்று கேட்கிறார். விடுதலையைக் கேட்கவில்லை. இத்தனை வருடம் ஊர் ஊராகப் பேசிவந்தவர், இன்னும் அதையேதான் கேட்கிறார். கொரிந்துவைப் பற்றி அவரே எழுதும்போது, "நான் பலவீனத்தோடும் பயத்தோடும் மிகுந்த நடுக்கத்தோடும் உங்களிடத்தில் இருந்தேன்" என்கிறார். அப்போஸ்தலர் 18-இல் அதே கொரிந்துவில் ஒரு இரவு கர்த்தர் அவருக்குத் தரிசனமாகி, "நீ பயப்படாமல் பேசு, மவுனமாயிராதே" என்கிறார். பேசாமல் இருந்துவிடலாம் என்ற எண்ணம் எட்டிப்பார்க்காத ஒருவருக்கு இப்படிச் சொல்லத் தேவையிருக்காது. அதன் பிறகு பவுல் அந்த ஊரில் ஒன்றரை வருடம் தங்கிப் போதித்தார்.

வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு வானத்திலிருந்து கிடைத்த உணவான மன்னா எனக்கு நினைவுக்கு வந்தது. யாத்திராகமம் 16-இல், அன்றன்றைக்குத் தேவையானதை அன்றன்று பொறுக்கிக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். நாளைக்கு வேண்டுமே என்று எடுத்துவைத்தவர்களுக்கு விடிந்தபோது அது புழுத்து நாறியது. ஓய்வுநாளுக்காக முந்தின நாள் எடுத்துவைத்தது மட்டும் கெடவில்லை. நான் வருடக்கணக்காகக் காத்திருந்தது ஒரு சேமிப்புக்காக. ஒரு நாள் நெஞ்சு நிறையத் தைரியம் வந்து சேரும், அதன் பிறகு பேசத் தொடங்குவேன் என்று இருந்தேன். ஆதிச் சபையிலும் அப்படி ஒரு சேமிப்பு யாரிடமும் இல்லை. வாய் திறக்கும் அந்த ஒரு பேச்சுக்கு மட்டும் கொடுக்கப்படுகிறது. அடுத்த பேச்சுக்கு மறுபடி கேட்க வேண்டும். இதைப் புரிந்துகொண்ட அன்று எனக்குப் பயம் போகவில்லை. பயம் போவதற்காகக் காத்திருப்பதை விட்டேன்.

முதல் முறை அது நடந்தது ஒரு மருத்துவமனையில். அம்மாவுக்கு அறுவை சிகிச்சை நடந்துகொண்டிருந்தது. காத்திருப்போர் வரிசையில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒரு பெரியவர். அவருடைய மனைவி உள்ளே இருந்தார். வெகுநேரம் கழித்து, "என்னமோ முணுமுணுத்தீங்களேம்மா, ஜெபமா?" என்றார்.

அதே கேள்விதான். ரயிலில் கேட்ட அதே மென்மையான குரல். நெஞ்சு அடித்துக்கொண்டது. 'ஆண்டவரே, இப்போ' என்று மட்டும் உள்ளுக்குள் சொன்னேன்.

"ஆமாங்கய்யா."

"யாருகிட்ட?"

"இயேசுகிட்ட."

அவர் கொஞ்சம் யோசித்தார். "கேக்குறாரா?"

இதற்கு எத்தனையோ வசனங்கள் எனக்கு மனப்பாடம். அந்த நேரத்தில் ஒன்றும் வரவில்லை. வராததே நல்லது என்று இப்போது நினைக்கிறேன். "கேக்குறார்னு நம்புறேங்கய்யா. ஆனா நான் கேட்டதெல்லாம் நடக்கலை. என் தம்பிக்காக ஆறு மாசம் கேட்டேன். அவன் போயிட்டான்."

அவர் அப்போதுதான் முழுவதுமாக என் பக்கம் திரும்பினார். "அப்புறமும் ஏம்மா கேக்குறீங்க?"

என் தம்பி இறந்த வாரத்தில் ஆறுதல் சொல்ல வந்தவர்கள் நிறையச் சொன்னார்கள். எதுவும் காதில் ஏறவில்லை. இறந்துபோன நண்பன் லாசருவின் கல்லறைக்குப் போகும் வழியில் இயேசு, தான் அவனை எழுப்பப் போவது தெரிந்திருந்தும் கண்ணீர் விட்டார் என்ற இடம் மட்டும் என்னைப் பிடித்து நிறுத்தியது. அதைத்தான் அந்தப் பெரியவரிடம் சொன்னேன். "தெரியலைங்கய்யா, விளக்கிச் சொல்ல எனக்குத் தெரியாது. அழுதப்ப அவர் கூட இருந்தாருன்னு மட்டும் தெரியும். அதனால இன்னைக்கும் அவருகிட்டயே போறேன்."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் பேசவில்லை. ரொம்ப நேரம் கழித்து, அவருடைய மனைவி தினமும் தன் தெய்வத்திடம் வேண்டிக்கொள்வதையும், அவரே அப்படி வேண்டிப் பல வருடம் ஆனதையும் சொன்னார். "நான் நம்புறவன் இல்லம்மா. ஆனா நீங்க அவளையும் சேத்துக் கேளுங்க" என்றார். அவர் மனைவியின் பெயரைக் கேட்டுக்கொண்டேன். அவர் பக்கத்தில் இருக்கும்போதே, கண்ணை மூடி, மெல்லிய குரலில் கேட்டேன். அம்மாவை வெளியே கொண்டுவந்தபோது நான் எழுந்து போக வேண்டியிருந்தது. அவர்களுக்கு அப்புறம் என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது.

யோவான் ஒன்பதாம் அதிகாரத்தில் பிறவிக் குருடன் ஒருவனைப் பார்வை வந்த பிறகு மாற்றி மாற்றி விசாரிக்கிறார்கள். இயேசு பாவி என்று அவர்கள் சொன்னபோது அவன் உடனே வாதத்துக்குள் போகவில்லை. "நான் குருடனாயிருந்தேன், இப்பொழுது காண்கிறேன், இது ஒன்றுதான் எனக்குத் தெரியும்" என்கிறான். சாட்சி என்ற சொல் நீதிமன்றத்துக்கும் உரிய சொல்தானே. சாட்சிக் கூண்டில் ஏறுகிறவர் வழக்கறிஞர் வேலையையும் நீதிபதி வேலையையும் செய்ய வேண்டியதில்லை. கண்டதைச் சொன்னால் போதும். காணாததைச் சொல்லவும் கூடாது. எனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்லும்போதுதான் தெரிந்ததைச் சொல்ல எனக்கு வாய் வருகிறது.

பேச்சைத் தொடங்குவதைப் பற்றிச் சுவிசேஷங்களில் நான் முன்பு கவனிக்காத ஒன்று உண்டு. சமாரியப் பெண்ணிடம் இயேசுவின் முதல் வார்த்தை, "தாகத்துக்குத் தா". போதனை இல்லை, ஒரு உதவி கேட்கிறார். களைத்துப்போய்க் கிணற்றோரம் உட்கார்ந்திருக்கிறவர், உண்மையாகவே தாகத்தோடு, அவளிடம் இருப்பதைக் கேட்கிறார். அவளும் பிறகு ஊருக்குள் ஓடிப்போய், வந்து பாருங்கள், "அவர் கிறிஸ்துதானோ" என்று கேள்வியாகத்தான் சொல்கிறாள். அப்போஸ்தலர் 8-இல் பிலிப்பு, இரதத்தில் ஏசாயாவை வாசித்துக்கொண்டு போகும் எத்தியோப்பிய மந்திரியிடம், வாசிப்பது விளங்குகிறதா என்று கேட்கிறார். மந்திரி ஏறி உட்காரச் சொன்ன பிறகுதான் ஏறுகிறார். ஏறாமல் கீழே ஓடிக்கொண்டே பிரசங்கம் பண்ணவில்லை. நான் பல வருடம் எப்படிப் பேசுவது என்றே கவலைப்பட்டேன். எப்படிக் கேட்பது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

அந்நியரிடம் பேசினால் அவருக்குத் தொந்தரவாக இருக்கும் என்று நாம் நினைப்பதும் பெரும்பாலும் நம் கற்பனைதான். நிக்கோலஸ் எப்லி, ஜூலியானா ஷ்ரோடர் என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் சிகாகோவில் ரயில், பஸ் பயணிகளிடம் செய்த ஆய்வு 2014-இல் வெளியானது. பக்கத்தில் இருப்பவரோடு பேச வேண்டியிருந்தால் பயணம் கசக்கும் என்று பயணிகள் எதிர்பார்த்தார்கள். உண்மையில் பேசச் சொல்லி அனுப்பப்பட்டவர்களுக்கு, தனியே இருந்தவர்களைவிடப் பயணம் இனிமையாக இருந்தது. அவர்கள் பேசியது விசுவாசத்தைப் பற்றி அல்ல, சாதாரணப் பேச்சு. ஆனால் என் வாயை அடைத்து வைத்திருந்த கதவில் பாதி அந்தச் சாதாரணப் பேச்சிலேயே இருந்தது. வணக்கம் சொல்லத் தெரியாதவள் சுவிசேஷம் சொல்ல முயன்றுகொண்டிருந்தேன்.

இங்கே இன்னொரு பக்கத்தையும் சொல்லியே ஆக வேண்டும். எனக்கு மிகவும் முக்கியமான பக்கம் இது. தைரியம் என்று நினைத்துக்கொண்டு மற்றவரை மிதித்துவிடக் கூடாது. ஒன்று பேதுரு 3:15-ஐ நம் கூட்டங்களில் அடிக்கடி சொல்வோம், எப்போதும் ஆயத்தமாய் இருங்கள் என்று. அதே வசனத்தில், "விசாரித்துக் கேட்கிற யாவருக்கும்" என்றும், "சாந்தத்தோடும் வணக்கத்தோடும்" என்றும் இருக்கிறது. கேட்கிறவருக்குச் சொல்ல வேண்டும். வணக்கத்தோடு சொல்ல வேண்டும். மறுதலித்தவர் பெயரில் இருக்கும் நிருபத்தில் இந்த இரண்டும் வருவது என்னைத் தொடுகிறது. படுக்கையில் நகர முடியாமல் கிடக்கும் நோயாளியிடம், நம் கீழே வேலை செய்கிறவரிடம், பெற்றோர் அருகில் இல்லாத பிள்ளையிடம், நம் உதவியை நம்பியிருக்கிறவரிடம் பேசும்போது, 'வேண்டாம்' என்று சொல்லும் சுதந்திரம் அவருக்கு உண்மையாகவே இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அது இல்லாத இடத்தில் நான் வாய் மூடுவதே நியாயம். 2011-இல் உலகத் திருச்சபைகள் மன்றமும், சமய உரையாடலுக்கான வத்திக்கான் அமைப்பும், உலக சுவிசேஷக் கூட்டணியும் சேர்ந்து, பல சமயத்தார் வாழும் உலகில் கிறிஸ்தவ சாட்சி எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு வழிகாட்டுதலை வெளியிட்டன. ஏமாற்று, வற்புறுத்தல், மற்றவரின் வறுமையைப் பயன்படுத்திக்கொள்வது ஆகியவற்றை அது ஒதுக்குகிறது. சாட்சி சொல்வது நம் கடமை என்பதையும் விட்டுக்கொடுக்கவில்லை. பல விஷயங்களில் ஒத்துப்போகாத இந்த மூன்று தரப்பும் இதில் சேர்ந்து நின்றது எனக்குப் பெரிய ஆறுதல்.

அப்போது சிலர் சொல்வார்கள், வாழ்ந்து காட்டினால் போதாதா, வார்த்தை எதற்கு என்று. நானும் வருடக்கணக்கில் அதைச் சொல்லித் தப்பித்தேன். அதற்குத் துணையாக, 'எப்போதும் சுவிசேஷத்தை அறிவியுங்கள், தேவைப்பட்டால் வார்த்தைகளைப் பயன்படுத்துங்கள்' என்று பிரான்சிஸ்கன் சபையைத் தொடங்கிய துறவி அசிசி பிரான்சிஸ் சொன்னதாக ஒரு வாக்கியத்தையும் சொல்வேன். அவர் எழுதியவற்றில் அந்த வாக்கியம் எங்கும் இல்லை என்று பிறகு தெரிந்துகொண்டேன். அவர் செய்தது வேறு. 1219-இல், ஐந்தாம் சிலுவைப் போர் நடந்துகொண்டிருந்தபோது, எகிப்தில் தமியேத்தா நகரை முற்றுகையிட்டிருந்த கிறிஸ்தவப் படைகளின் நடுவிலிருந்து, ஆயுதமில்லாமல், சகோதரர் இல்லுமினாத்தோவோடு எதிர்த் தரப்புக்கு நடந்து போனார். எகிப்தின் சுல்தான் அல்-மாலிக் அல்-காமிலைச் சந்தித்துத் தன் விசுவாசத்தைப் பேசினார். இருபுறமும் ஒருவரையொருவர் கொன்றுகொண்டிருந்த காலம். சுல்தான் மதம் மாறவில்லை. பிரான்சிஸின் தலையும் போகவில்லை. சுல்தான் அவரை மரியாதையாக நடத்தித் திருப்பி அனுப்பினார்.

திரும்பி வந்த பிறகு, 1221-இல் தன் சகோதரர்களுக்கு அவர் வகுத்த ஒழுங்கில், முஸ்லிம்களிடையே போகிறவர்கள் இரண்டு விதமாக வாழலாம் என்று எழுதினார். ஒன்று, வாக்குவாதமோ சண்டையோ செய்யாமல், தேவனுக்காக எல்லா மனிதருக்கும் கீழ்ப்பட்டிருந்து, தாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதை ஒளிக்காமல் சொல்வது. மற்றது, அது தேவனுக்குப் பிரியம் என்று காணும்போது வார்த்தையை அறிவிப்பது. முதல் வழியை நான் பலமுறை வாசித்தேன். அமைதியான வழி என்று தோன்றும் அதிலும், ஒளிக்காமல் இருப்பது அடங்கியிருக்கிறது. பழுப்புத் தாள் அட்டைக்கு அதில்கூட இடமில்லை.

நான் பேசியவை எல்லாம் நன்றாக முடிந்தன என்று யாரும் நினைக்க வேண்டாம். "வேண்டாம்மா, எனக்கு இதுல விருப்பம் இல்லை" என்று முகத்துக்கு நேரே சொன்னவர்கள் உண்டு. சரிங்க என்று சொல்லிப் பேச்சை மாற்றியிருக்கிறேன். ஒருவர் ஒரு மணிநேரம், சபைகளில் தான் கண்ட பண மோசடியையும் தன் வீட்டுக்கு ஏற்பட்ட காயத்தையும் சொன்னார். பாதுகாத்துப் பேச நிறையத் தோன்றியது. பேசவில்லை. அவர் சொன்னதில் பெரும்பகுதி உண்மை. "உங்களுக்கு நடந்தது தப்புங்க, அதுக்கு நான் வருத்தப்படுறேன்" என்றேன். அவர் எதிர்பார்த்தது வாதம் போலிருக்கிறது. வெகுநேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று நான் இயேசுவைப் பற்றி இரண்டு வாக்கியம்கூடப் பேசவில்லை.

ஏதென்சில் மார்ஸ் மேடையில் பவுல் பேசி முடித்ததும் சிலர் பரிகாசம் பண்ணினார்கள், சிலர் இன்னொரு முறை கேட்போம் என்றார்கள், சிலர் விசுவாசித்தார்கள். தியொனீசியு, தாமரி என்று இரண்டு பெயர்கள் மட்டும் எழுதப்பட்டிருக்கின்றன. பவுலுக்கே மூன்று விதமான பதில் வந்தது. மறுமொழி என் கையில் இல்லை என்பதை வாயால் சொல்வது எளிது. ஒரு முகம் நம் எதிரே மூடிக்கொள்ளும்போது அதை நம்புவதற்குத் தனியாக ஒரு ஜெபம் தேவைப்படுகிறது.

எனக்குப் பிடித்தவர்கள் இன்னொரு கூட்டத்தார். அப்போஸ்தலர் 11-இல், துன்பத்தால் சிதறிப்போனவர்களில் சிலர், சீப்புரு தீவாரும் சிரேனே பட்டணத்தாரும், அந்தியோகியாவுக்கு வந்து கிரேக்கரிடமும் இயேசுவைப் பற்றிப் பேசினார்கள். முதன்முதலில் கிறிஸ்தவர்கள் என்ற பெயர் வழங்கிய ஊர் அது. அந்தச் சபைக்கு வித்திட்டவர்களில் ஒருவருடைய பெயரும் எழுதப்படவில்லை. இரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கெல்சுஸ் என்ற தத்துவவாதி கிறிஸ்தவர்களைக் கண்டித்து எழுதினார். கம்பளி வேலை செய்கிறவர்களும் செருப்புத் தைக்கிறவர்களும் துணி வெளுக்கிறவர்களும் வீடுகளுக்குள் இதைப் பேசிப் பரப்புகிறார்கள், படித்த பெரியவர்கள் முன்னால் இவர்களுக்கு வாய் திறக்கத் துணிவில்லை என்பது அவருடைய குற்றச்சாட்டு. ஒரிகேன் என்ற கிறிஸ்தவ அறிஞர் பிறகு அவருக்கு மறுப்பு எழுதியதால்தான் அந்த வரிகளே நமக்குக் கிடைத்திருக்கின்றன. எதிரி இகழ்ச்சியாக எழுதியதைப் படித்து எனக்கு அழுகை வந்தது. பெரியவர்கள் முன்னால் அவர்களுக்கும் நாக்கு ஒட்டிக்கொண்டிருக்கிறது. வேலை முடிந்து, கையில் சாயமும் தோல் வாசனையுமாக, யாரோ ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து தமக்குத் தெரிந்த கொஞ்சத்தைச் சொல்லியிருக்கிறார்கள்.

மருத்துவமனையிலிருந்து வந்த வாரம் என் வேதாகமத்தின் பழுப்பு அட்டையைக் கழற்றினேன். உள்ளே அசல் அட்டை புதிதாகவே இருந்தது.

போன மாதம் மறுபடி ஒரு ரயில் பயணம். பக்கத்தில் ஒரு கல்லூரி மாணவி, காதில் இயர்போன். நான் சங்கீதங்களை வாசித்துக்கொண்டிருந்தேன். இரண்டு மணிநேரம் எங்களுக்குள் பேச்சே இல்லை. ஏதோ ஒரு நிலையத்தில் வண்டி நின்றபோது அவள் இயர்போனைக் கழற்றிவிட்டு, "அக்கா, அது பைபிளா?" என்று கேட்டாள்.

உடனே நெஞ்சு அடித்துக்கொள்ள ஆரம்பித்தது, முதல் நாள் போலவே. 'ஆண்டவரே, இப்போ.'

"ஆமாம்மா. தினமும் கொஞ்சம் வாசிப்பேன். இது இல்லாம எனக்கு முடியாது. நீ எதாவது வாசிப்பியா?"

"பரிட்சைக்குத்தான்" என்று சிரித்தாள். நாளைக்கு முதல் தேர்வு என்றாள். பயமாக இருக்கிறது, அப்பா நிறைய எதிர்பார்க்கிறார் என்றாள். என்ன பாடம், எது கஷ்டம் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சொன்னாள். உனக்காக ஜெபிக்கட்டுமா என்று கேட்டபோது, "சரிக்கா, அப்புறமா பண்ணிக்கோங்க" என்று சொல்லிவிட்டு இயர்போனை மாட்டிக்கொண்டு நோட்டுப் புத்தகத்தைத் திறந்தாள்.

வண்டி கிளம்பியது. நான் விட்ட வரியைத் தேடி எடுத்தேன். அவள் பெயரைக் கேட்க மறந்துவிட்டேன்.